ரீடிங்

கூடல் நகர் கூட்ஸ் ஷெட்டில்
சிமெண்ட் மூட்டை இறங்கிக்கொண்டிருக்கிறது.
லாரிக்காரர்கள் டீக்கடையில் வண்டியை விட்டுவிட்டேன்.
இதற்கு மேல் கருவேலமுள்,
போன தடவை ஒரே காலையில் மூன்று பஞ்சர்.

தண்டவாளத்தின் ஒரு கிளை
யாரிடமும் சொல்லாமல் பிரிந்து போகிறது.
நூறடி ஜல்லி, அப்புறம் மண், அப்புறம் ஒரு சுவர்.
சுவர்தான் பிற்பாடு வந்தது.
கொத்தனார் இரும்பை அறுக்கச் சோம்பல்பட்டு
அதைச் சுற்றியே பூசியிருக்கிறார்.
ரயில் இப்போதும் அந்தப் பக்கம் போகலாம்,
கொஞ்சம் இளைத்தால்.

என் பட்டியலில் பதினேழு இணைப்புகள்.
பன்னிரண்டுக்கு நடக்கவே வேண்டாம் என்பார்
கவுண்டரில் உட்காரும் பாக்கியத்துரை.
'டோர் லாக்குனு போட்டுட்டு வாங்க,
யாரு பாக்கப் போறா?'
நான் பார்க்கப் போகிறேன்.
கேட்டால், சர்க்கரை இருநூற்று நாற்பது,
டாக்டர் நடக்கச் சொன்னார் என்பேன்.
அதுவும் பொய்யில்லை.

வைரம் வால்வ்ஸ் கம்பெனியின் பலகையில்
'வைரம் வால்' வரைக்கும் எழுத்து நிற்கிறது.
கீழே ஒரு செவலை நாய்
அதற்குச் சாட்சி போலப் படுத்திருக்கிறது.
மீட்டர் பெட்டிக்குள் குளவிக்கூடு.
கைவிடவில்லை. டோர் லாக்.

ஐஸ் கம்பெனித் தொட்டிக்குள் இறங்கிய ஆட்டை
மேலே இழுத்துக்கொண்டிருந்த பொம்பளை
'கரண்ட் ஆபீஸா? இதுக்கெல்லாமா ஆள் போட்டுருக்கு?' என்றாள்.
கூட ஒரு கை பிடித்தேன்.
ஆடு நன்றி சொல்லாமல் என் சட்டையில் புழுக்கை போட்டது.

பிறகு எடைமேடை.
ஐம்பது டன் தாங்கும் என்று எழுதியிருக்கிறது.
ஏறி நின்றேன்.
கீழே குழியில் தவளைகள் பேச்சை நிறுத்தின.
அவ்வளவுதான் என் எடை.

இருநூற்று நாற்பத்தொன்று, ஸ்பின்னிங் ஷெட்.
மிஷின் இல்லை, மோட்டார் இல்லை,
கூரைத் தகரம் பாதி இல்லை.
மெஷின் இருந்த இடங்களில் நீளநீளமாக எண்ணெய்க் கறை,
அதில் மட்டும் புல் முளைக்கவில்லை.
ஆனால் மீட்டரில் சிவப்புப் புள்ளி
இமைக்கிறது. ரொம்ப மெதுவாக.
போன ரீடிங்குக்கு நாலு யூனிட் கூடுதல்.
அதற்கு முந்தியும் நாலு. அதற்கு முந்தியும்.

இதுக்கு யார் பணம் கட்டுவது என்று
ஒருமுறை பாக்கியத்துரையிடம் கேட்டிருக்கிறேன்.
'ஹெல்மெட் கழட்டாத ஆளு.
சில்லறை சரியா இருக்கும்,
எனக்கு அது போதும்.'

கொக்கி போட்டுத் திருடுகிறார்கள் என்றால்
எழுத வேண்டியது என் வேலை.
வயரை விரலால் தொடர்ந்தேன்.
சுவரோரம் போய், ஒரு ஜன்னல் கம்பியைச் சுற்றி,
உடைந்த பீங்கான் கட்டைகளில் ஏறி இறங்கி
டைம் ஆபீசுக்குள் நுழைந்து
ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பில் முடிந்தது.
பச்சை. எல்.இ.டி.
வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகியிருக்காது.

அதன் அடியில் டோக்கன் பலகை.
இடதுபுறம் 'வெளியே',
ஆணிக்கு ஒன்றாகப் பித்தளை வட்டங்கள்,
எண்ணூறோ என்னவோ, பாசி பிடித்து.
இவ்வளவு பித்தளையை இன்னும் யாரும் தூக்கவில்லை என்பது
முதலில் தோன்றியது. வெட்கமாக இருந்தது.
வலதுபுறம் 'உள்ளே'.
அங்கே ஆணிகள் மட்டும்,
ஒரே ஒரு டோக்கன் தவிர.
அறுபத்து மூன்று.
அதில் மட்டும் பாசி இல்லை.

'யாருங்க?' என்று கேட்க வாயெடுத்தேன்.
கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று
மூடிக்கொண்டேன்.
ஒரு புறா, கூரைத் தகரத்தில்,
நகம் உரச நடந்தது.

மிஷினில் நாலு என்று அடித்தேன்.
குறிப்பு என்ற கட்டத்தில்
ஒன்றும் எழுதவில்லை.

அடுத்த இணைப்புக்குச் சுற்றிப் போனால் அரை மைல்.
பின்சுவரில் ஒரு ஓட்டை,
ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையுமளவு.
உடைந்த செங்கல் முனைகள் குத்தும் என்று
பையைக் கேடயமாகப் பிடித்தேன்.
குத்தவில்லை.
தோள் உயரத்தில் செங்கல் தேய்ந்து
படிக்கட்டுப் பிடி மாதிரி வழுவழுவென்று இருந்தது.
என் தோளுக்கும்
அளவு சரியாக இருந்தது.